கண் திறக்காத படம்

கிள்ளான் மேரு சாலையில் இருக்கிற லோரிப் பட்டறை நான் கட்டியது. ஓட்டை லோரி ஒன்றை வாங்கி, அதன் அடியில் நானே படுத்துப் பழுது பார்த்து, அதிலேயே மணல் ஏற்றித் தொடங்கினேன். இன்று என் பேர் எழுதிய லோரிகள் ஜொகூர் வரைக்கும் போகின்றன. பட்டறைக்குப் பின்னால் உள்ள முருகன் கோயில் மண்டபம் நான் போட்டது. தமிழ்ப்பள்ளியின் சாப்பாட்டுக் கொட்டகையும் நான் போட்டதுதான். பிள்ளைகள் எல்லாரையும் பட்டதாரி ஆக்கினேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. கடன் கேட்கப் போன இடத்தில், கையெழுத்தாவது போடத் தெரியுமா என்று சிரித்தார்கள். வெள்ளம் வந்து பட்டறையை வாரிக்கொண்டு போனது. கூட்டாளி ஒருவன் நட்டாற்றில் விட்டு ஓடினான். அத்தனையையும் தாண்டி நின்றேன்.

இதையெல்லாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியாகிவிட்டது. எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்க்கிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை. முட்டி வலிக்கிறது, மேடைப் படி ஏற ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தடவை வேறு ஒன்றைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் என்னோடு கால்சட்டை கிழிய ஓடித் திரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் கையால் எழுதுவதை மகள் கணினியில் ஏற்றுகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் கோட்டர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? இன்று அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். அன்று எண்ணெயும் கரியும் மணக்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுத்தால் கறுப்புப் புள்ளி இருக்கும். ரயில் பெட்டிகளைக் கோக்கிற சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. அப்பா தண்டவாளக் கேங்கில் வேலை செய்தார். அவருக்கு மூன்றடுக்கு எனாமல் சாப்பாட்டுத் தூக்கு ஒன்று இருந்தது. நீல விளிம்பு, மூடியில் ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும். அவர் வேலை முடிந்து வருவது அந்தத் தூக்குச் சத்தத்தில் தெரிந்துவிடும். காலியான தூக்குதான் அப்படிச் சத்தம் போடும். அது எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் சொல்லும் பருவம், சிவப்பு கார்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பருவம். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அடையாளக் கார்டு, இல்லாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு வைத்திருந்தவன் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. கிடைக்காதவர்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். என் அம்மா இங்கே பிறந்தவர், நீலம். அப்பா சிவப்பு. நீலத்துக்கு எழுதிப் போடச் சொல்லி அம்மா வருஷக்கணக்கில் சொல்லியும், "எங்க ஓடிறப்போகுது, பாக்கலாம்" என்றே தள்ளிவிட்டார். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று பார்த்தவர். கடைசியில் பெர்மிட்டும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் தப்புக் கணக்குப் போடுவார்கள் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர்கள் முதலில் போனார்கள். அந்தக் காலி வீட்டில்தான் படக்காரர் வந்து தங்கினார்.

அவர் சிங்கப்பூர்க்காரர், தமிழர்தான். வெளிநாட்டில் ஓவியம் படித்தவர். ஒல்லியாக, எந்நேரமும் காலில் செருப்பில்லாமல் இருப்பார். ஏதோ ஒரு கலைச் சங்கம் அவரை அனுப்பியதாம். ஒரு ஊரில் போய் ஜனங்களோடு கொஞ்ச காலம் இருந்து, அவர்களைப் பார்த்து வரைய வேண்டும், அதுதான் வேலை. இப்போது இதற்கென்று ஒரு பேர் வைத்து நிறையப் பேர் செய்கிறார்களாம். அன்று எங்களுக்கு அது பிடிபடவில்லை. சும்மா இருந்து பார்ப்பதற்கு ஒருவனுக்கு வீடு கொடுப்பார்களா? ஆகவே கோட்டர்ஸ் கோயில் வேலைக்கு வந்த சாயக்காரர் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள். கோயில் தலைவர்தான் அப்பாவின் கேங்குக்கு மண்டோர், வேலை வாங்குகிற மேஸ்திரி. அவர் வாயால் சொன்னால் கோட்டர்ஸில் மறுபேச்சில்லை. "நம்ம வீட்டு ஆளு மாதிரி பாத்துக்கணும், தெரியுதா?" என்றார். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுச் சாப்பாடு போனது.

சாப்பாடு போட்ட உரிமையில் ஒவ்வொருவரும் வேலை சொன்னார்கள். ஒருத்தர் வீட்டுக் கதவில் எண் எழுதச் சொன்னார். இன்னொருத்தர் சைக்கிள் கடைக்குப் பலகை கேட்டார். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்தார். மாட்டுப் பொங்கலுக்குப் பால்காரர் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். படக்காரர் கொம்புக்கு அடித்தது பச்சைச் சாயம். பால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா தம்பி இது? பச்சைக் கொம்பு வச்ச மாடு பால் கறக்குமா, வாழக்கா காய்க்குமா?"

"வெயில்ல நல்லா இருக்கும் அண்ணே. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

"தள்ளி நின்னா யாரு லா பால் கறக்கறது?"

நாங்கள் பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அவர் தன் சொந்த வேலையைத் தொடங்கினார். கோயில் கொட்டகையில் பெரிய பலகைகளை ஒட்டி நிறுத்தினார். கோட்டர்ஸ் ஆட்கள் எல்லாரும் ஸ்டேஷன் மேடையில் நிற்பது போல ஒரே படம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து வரைந்தார். டர்பன்டைன் வாடையும் கற்பூர வாடையும் கலந்து கொட்டகைக்குள் போனாலே தலை சுற்றும். பக்கத்து வீட்டு அத்தை தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அடுப்புக்கரி மாதிரி இருக்கேன். மூக்குத்திய மட்டும் எதுக்குப் பளபளன்னு போட்டீங்க?" என்று சண்டை போட்டார்.

அப்பாவை வேலை உடையில் வரச் சொல்லியிருந்தார். அப்பா கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் தடவி, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வெட்கத்தில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். படக்காரர் அப்படியே வரைந்தார்.

முடிந்ததும் அப்பா பலகையைப் பார்த்தார். மூக்கு இருந்தது, மீசை இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் நிறம் மட்டும்.

"கண்ணு எங்க தம்பி?"

படக்காரர் கொஞ்சம் யோசித்தார். "யாருக்குமே போடல அண்ணே. இப்படியே விடலாம்னு இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தை தலைவர் காதுக்குப் போனது. அதோடு கோட்டர்ஸ் ரெண்டுபட்டது.

நம் வழக்கம் தெரியும்தானே. சிலை செய்தாலும், சாமி படம் எழுதினாலும், கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். நல்ல நேரம் பார்த்து, பூசை போட்டுத் திறப்பார்கள். அதுவரைக்கும் அது வெறும் பலகை. கண் திறந்தால் உயிர் வந்துவிடும். முதல் பார்வை உக்கிரமாக இருக்கும், ஆகவே மனுஷர் எதிரில் நிற்கக் கூடாது. கண்ணாடி காட்டுவார்கள், மாடு கன்றை நிறுத்துவார்கள். கோயிலுக்கு உண்டான இந்த வழக்கத்தை எங்கள் ஆட்கள் படக்காரரின் பலகைக்கும் பொருத்திவிட்டார்கள். கோயில் கொட்டகையில்தானே நிற்கிறது!

தலைவர் கூட்டம் போட்டார். "நாங்க எல்லாம் என்ன குருடனுங்களா? மூஞ்சிய வரைஞ்சிட்டு கண்ணு தொறக்காம விட்டா குடும்பத்துக்கு ஆகுமா?"

"தலைவரே, இது சாமி படம் இல்ல..."

"யாரு இல்லன்னா? கண்ணு தொறக்கணும்."

அப்போது யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "கப்பல் ஏறப்போறவங்களுக்கும் தொறக்கறதா தலைவரே?"

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். போகிறவர்களுக்குக் கண் திறக்கக் கூடாது. திறந்தால் உயிர் இங்கேயே தங்கிவிடும். போன இடத்தில் உடம்பு மட்டும் அலையும், காலூன்றாது. இருப்பவர்களுக்கு மட்டும் திறந்தால் போதும்.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். "அப்ப எங்க வீட்டு ஆளு?"

அப்பாதான் பதில் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு வேணாம் தம்பி. தலைவர் சொல்றது சரிதான். போயிட்டு வந்ததும் போட்டுக்கலாம்."

போயிட்டு வந்ததும். அதையும் ஒரு தேதி மாதிரி சொன்னார்.

தலைவரை நான் ரொம்ப வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் வயதைத் தாண்டி வந்துவிட்டேன். அவர் கேங்கில் பாதி ஆட்கள் போகிறார்கள். பெர்மிட்டுக்காக அலைந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அவரால் தீர்ப்புச் சொல்ல முடிந்தது அந்தப் பலகை ஒன்றில்தான் போல. சொல்லிவிட்டார்.

ஒரு காலையில் பூசை நடந்தது. பச்சைக் கொம்பு மாட்டைக் கன்றோடு கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினார்கள். அத்தை வீட்டு நிலைக்கண்ணாடியைப் பலகைக்கு எதிரில் தூக்கிப் பிடித்தார்கள். பிள்ளைகள் எங்களைப் பக்கவாட்டில் ஒதுக்கி, எட்டிப் பார்க்காதே என்று மண்டையில் தட்டினார்கள். படக்காரர் செருப்பில்லாத காலோடு, நெற்றியில் விபூதியோடு, இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கண் வைத்தார். முதலில் விளையாட்டாகத்தான் நினைத்திருப்பார். முடிக்கும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். மேடையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குக் கண் இல்லை. இவருக்குக் கண் இல்லை, அவருக்குக் கண் இல்லை என்று விரல் வைத்துச் சொல்லலாம், யார் யார் போகப்போகிறார்கள் என்று.

அப்பாவுக்குக் கண் இல்லை.

அவர் கிளம்பிய அன்று ரயிலில்தான் துறைமுகத்துக்குப் போனோம். அம்மா, நான், மடியில் தங்கச்சி. அப்பா பச்சை டிரங்குப் பெட்டி வைத்திருந்தார். அதன் மேல் தன் பேரையும் ஊரையும் படக்காரரைக் கொண்டு வெள்ளைச் சாயத்தில் எழுதி வாங்கியிருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை. துறைமுகத்தில் என் தலையைத் தடவிவிட்டு, "அம்மாவப் பாத்துக்க. படிக்கிற வேலைய பாரு" என்றார். படிக்கிற வேலை அந்த வருஷத்தோடு நின்றது.

கப்பல் தட்டில் ஆட்கள் ஈ மொய்ப்பது போல நின்றார்கள். அப்பாவை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், தீபாவளிச் சட்டையை வைத்து. "அப்பா, அப்பா" என்று கத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் அதே வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கை ஆட்டினார். ஆனால் எங்கள் பக்கம் இல்லை. ரொம்பத் தள்ளி, வேறு யாரோ ஒரு குடும்பம் நின்ற பக்கம் பார்த்து, நாங்கள் என்று நினைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். நான் குதித்தேன். அம்மா முந்தானையை எடுத்து வீசினார். கப்பல் நகர்ந்தது. கடைசி வரைக்கும் அவர் அந்தப் பக்கமே பார்த்து, சிரித்து, கை ஆட்டிக்கொண்டே போனார்.

திரும்பி வந்து கோட்டர்ஸில் இறங்கியதும் அம்மா வீட்டுக்குப் போனார். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். உச்சி வெயில். படக்காரர் ஒரு மூலையில் பாய் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கறுப்புச் சாயம் தகர டப்பாவில் திறந்தே இருந்தது.

ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் போனேன். கண் திறக்கும்போது எதிரில் நிற்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மண்டையில் வாங்கிய தட்டு இன்னும் ஆறவில்லை. தெரிந்துதான் நின்றேன். கண்ணாடி வைக்கவில்லை, மாடு வைக்கவில்லை. முதல் பார்வை என்மேல் விழ வேண்டும், வேறு எவன்மேலும் விழக் கூடாது. பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, முதலில் வலது கண்ணை வைத்தேன். இடது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கண் பாப்பாவை இரண்டிலும் கீழே தள்ளி வைத்தேன். பெட்டியிலிருந்து இறங்கி, எதிரில் நின்று நிமிர்ந்து பார்த்தேன்.

பார்த்தார்.

படக்காரர் எழுந்து என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. அடிப்பார் என்று நினைத்தேன். "ரெண்டும் ஒரே அளவா இல்லியே" என்றார். துணியில் டர்பன்டைனை நனைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போனார். போனவர் அப்படியே நின்றார். துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. "இருக்கட்டும்" என்று திரும்பி வந்துவிட்டார். அன்று சாயங்காலமே பலகையின் கீழ் மூலையில் தன் பேரை எழுதினார். தன் பேரை மட்டும்.

என்னைத் தேடிக்கொண்டு அம்மா வந்தார். படத்தைப் பார்த்ததும் என்னைத் திட்ட வாயைத் திறந்தார், திட்டவில்லை. முன்னால் போய் நின்றார். அப்பாவின் பார்வை அவர் வயிற்றுக்கு நேராக இருந்தது. கொஞ்சம் வலது பக்கம் போனார், இடது பக்கம் வந்தார். பிறகு என்னைத் தள்ளிவிட்டு, நான் நின்ற இடத்தில் சேலையைச் சேர்த்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் சரியாக இருந்தது. விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தலைவருக்குக் கோபம். ஆனால் திறந்த கண்ணை மூடச் சொல்ல அவருக்கே பயம். அப்படியே விட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஊரிலிருந்து தந்தி வந்தது, அப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்று. துக்கம் கேட்க வந்த இடத்தில் தலைவர் என்னைக் காட்டி, "நான் அப்பவே சொன்னேன். கண்ணத் தொறந்து விட்டான், ஆளு அங்க தங்கல" என்றார். வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா அழுகையை நிறுத்தினார். "கண்ணு தொறக்காம அனுப்பினீங்களே மத்தவங்கள, அவங்கள்லாம் அங்க ராஜாவாவா இருக்காங்க? எழுந்து போங்கண்ணே."

கோட்டர்ஸில் தலைவரை எழுந்து போகச் சொன்ன ஒரே ஆள் என் அம்மாதான். ஆனாலும் தலைவர் சொன்னது என் காதில் தங்கிவிட்டது. பட்டறை கட்டும்போதும், வெள்ளத்தில் நிற்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ கண்ணைத் திறந்தாய், அதனால்தான் போனார். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு சுமைதான். மணல் மூட்டையை இறக்கி வைக்கலாம், இதை எங்கே இறக்கி வைப்பது?

படக்காரர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். பலகைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. கோட்டர்ஸை உடைத்தார்கள், ஆளுக்கொரு பக்கம் போனோம். சுங்கை வே, கிள்ளான், பூச்சோங்.

போன மாதம் மகள் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பழைய பிரிக்பீல்ட்ஸ் படம்லாம் இருக்காம் அப்பா, நடக்க முடியுமா?" முடியாது என்றுதான் சொன்னேன். இழுத்துக்கொண்டு போனாள். குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. மூன்றாவது அறையில் கொட்டகைப் பலகைகள் நின்றன. அத்தையின் மூக்குத்தி இன்னும் பளபளக்கிறது.

விளக்கம் சொல்ல ஒரு பெண் இருந்தாள். நம் பிள்ளைதான், நன்றாகப் பேசினாள். நாடு விட்டுப் போனவர்களுக்குக் கண் வைக்காதது ஓவியரின் மேதைமை என்றாள். தலைவர் கேட்டால் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்பாவிடம் வந்தாள். "இந்தப் பேர் தெரியாத தொழிலாளிக்கு மட்டும் ஓவியர் கண் வச்சிருக்கார். ஒரு கண்ணை வேணும்னே பெருசாக்கி துயரத்தைக் காட்டுறார். குனிஞ்சு, தான் இழக்கப்போற மண்ணைப் பார்க்கிறார்."

"மண்ணு இல்லம்மா" என்றேன்.

"அங்கிள்?"

"அது என் அப்பா. அந்தக் கண்ணு நான் வச்சது."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். இந்தக் கதையை வீட்டில் நான் சொன்னதே இல்லை. அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "ஏதாவது ஆதாரம் இருக்கா அங்கிள்?"

"அப்பாவோட பார்வை எங்க விழுதுன்னு பாரும்மா. மண்ணுல விழல. பெரியவங்க யார் மேலயும் விழல. நாலாம் வகுப்புப் பையன் நிக்கிற உயரத்துல விழுது."

"மேலிடத்துல சொல்றேன் அங்கிள்" என்றாள். முகவரி வாங்கிக்கொண்டாள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பெரிய இடங்களில் இப்படித்தான், தெரியாதவனா நான்.

ஆகவே இதை எழுதி அச்சில் போடக் கொடுக்கிறேன். படித்தவர்கள் யாராவது கொண்டுபோய் அவர்களிடம் காட்டுங்கள். மண்டபத்தில் என் பேர் வேண்டாம், லோரியிலிருந்து வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற அட்டையை மாற்ற வேண்டும். படக்காரர் பேர் மேலேயே இருக்கட்டும், அவர் பெரிய ஆள்தான். அதற்குக் கீழே, பேர் தெரியாத தொழிலாளி என்பதை அடித்துவிட்டு என் அப்பா பேரைப் போடுங்கள். கண்கள் அவர் மகன் வைத்தது என்று என் பேரைப் போடுங்கள். மண்ணைப் பார்க்கிறார் என்ற வரியை எடுத்துவிடுங்கள். அவர் என்னைப் பார்க்கிறார்.